வட்ட மேஜையும் வாழை இலையும்

சென்ற மாதம் ஓர் இரவு என் பேரப் பிள்ளைகள் கடையிலிருந்து வரவழைத்த சீனச் சாப்பாட்டோடு, பச்சை மிளகாயை வட்ட வட்டமாக நறுக்கி வினிகரில் ஊறப் போட்ட சின்னஞ்சிறு டப்பா ஒன்றும் வந்து சேர்ந்தது. குழந்தைகள் அதை லட்சியம் செய்யவில்லை. தத்தம் நூடுல்ஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு பேரன் ஜன்னலோரத்துக்கும் பேத்தி தன் அறைக்குமாகப் போய்விட்டார்கள். அவர்கள் ஒதுக்கி வைத்த மிளகாய் டப்பாவின் மூடியை நான்தான் திறந்தேன். காடியும் காரமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், கல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் சாக்கடைக் கால்வாய்களுக்கும் தோல் தொழிற்சாலைகளின் செங்கல் சுவர்களுக்கும் இடையே கிடந்த டாங்ராவும், அங்கே ஒரு வீட்டின் வட்ட மேஜையும், அதன் நடுவே ஆவி பறக்க வந்து இறங்கிய பதார்த்தங்களும், அவற்றைச் சுற்றி அமர்ந்திருந்த முகங்களும் ஒருசேர என் முன்னே வந்து நின்றன.

எனக்குச் சொந்த ஊர் வாணியம்பாடி. என் தகப்பனார் ஒரு தோல் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஆகவே சுண்ணாம்புத் தொட்டியின் நெடியும், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறுகின்ற குழிகளின் துவர்ப்பு வாசனையும் எனக்குப் பிள்ளைப் பிராயத்திலேயே பழகிப் போனவை. படிப்பு முடிந்ததும், தோல் பதனிடுவதற்கு வேண்டிய ரசாயனச் சரக்குகளை விற்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. அவர்கள் என்னைக் கல்கத்தா கிளைக்கு அனுப்பினார்கள். லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர் நடத்திய ஒரு மெஸ்ஸில் ஜாகை. காலையில் இட்லி, மத்தியான்னத்துக்குக் கையில் கட்டிக் கொடுக்கும் தயிர்சாதம் என்று நம் ஊரை அங்கேயும் விடாமல் வைத்துக்கொண்டிருந்த அந்த மெஸ்ஸிலிருந்து புறப்பட்டு, டிராமும் பஸ்ஸும் மாறி, கடைசியில் ஒரு மைல் நடந்து நான் போய்ச் சேர வேண்டிய இடம் டாங்ராவாக இருந்தது. முதல் நாள் அந்தத் தெருவில் கால் வைத்தபோது என்னோடு வந்த வங்காளி குமாஸ்தா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ ஊருக்குத் திரும்பிவிட்டதைப் போல நெஞ்சு குளிர்ந்தது.

கல்கத்தாவில் சீனர்கள் குடியேறியது நேற்றைய சமாசாரம் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், டோங் அச்சியூ என்னும் வர்த்தகர் ஹூக்ளி நதிக் கரையில் பஜ்பஜ்ஜுக்கு அருகே நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்தார். அவர் பெயரால் இன்றும் அச்சிப்பூர் என்று வழங்கும் அந்த ஊருக்கு, சீன வருஷப் பிறப்பை ஒட்டிக் கல்கத்தாச் சீனர்கள் குடும்பம் குடும்பமாகப் போய் அவர் சமாதியில் ஊதுவத்தி ஏற்றி வணங்கி வருவது வழக்கம். பின்னால் வந்தவர்கள் ஊருக்கு ஒரு தொழிலாகப் பிரிந்திருந்தார்கள். காண்டன் பக்கத்தவர்கள் தச்சு வேலையில் கெட்டிக்காரர்கள். ஹூபே மாகாணத்தவர்கள் பல் வைத்தியர்கள். ஹக்கா வகுப்பினர் தோலிலும் செருப்பிலும் கை வைத்தார்கள். பெண்டிங்க் தெருவில் வரிசையாக இருந்த சீனச் செருப்புக் கடைகளுக்குத் தோல் வந்தது டாங்ராவிலிருந்துதான். என் வியாபாரமெல்லாம் இந்த ஹக்காக் குடும்பங்களோடு.

கீழே தொழிற்சாலை, மேலே வீடு என்பது அங்கே அநேகமாக எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான அமைப்பு. பில்லுக்குப் பணம் வாங்குவதற்காக ஒரு நாள் மாலை நான் சென்றிருந்த வீட்டின் எஜமானர், கணக்கைத் தீர்த்த பிறகும் என்னை எழுந்திருக்க விடவில்லை. வேலை செய்யும் ஆட்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஒன்றாகவே சாப்பாடு போடும் நேரம் அது. அந்த வீட்டுப் பெரியம்மாளை, சிறியவர் பெரியவர் எல்லோரும் ஆன்ட்டி என்றே அழைப்பார்கள். அந்த அம்மாள், பெரிய இரும்புச் சட்டியைக் கொழுந்து விட்டெரியும் அடுப்பின் மேல் ஒரு கையால் ஆட்டியபடியே மறு கையால் கரண்டியைச் சுழற்றி, நான் இரண்டு மடக்குத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஒரு கீரையையும் ஒரு கோழியையும் வதக்கி இறக்கிவிட்டார். மூங்கில் தட்டியில் ஒரு முழு பேட்கி மீன் வெந்துகொண்டிருந்தது. நம் பக்கத்தில் கொடுவா என்கிறோமே, அதுதான். வெந்த மீனின் மேல் நூல் நூலாக அரிந்த இஞ்சியையும் வெங்காயத் தாளையும் பரப்பி, சோயா ரசத்தைச் சுற்றி விட்டு, புகையக் காய்ச்சிய எண்ணெயை அதன் தலையில் ஊற்றியபோது எழுந்த சீற்றத்தில் மேஜையைச் சுற்றியிருந்த குழந்தைகள் எல்லோரும் கைதட்டினார்கள்.

எல்லாப் பதார்த்தங்களும் நடுவில். ஒவ்வொருவர் முன்னும் ஒரு கிண்ணம் சோறும் இரண்டு குச்சிகளும் மட்டுமே. வீட்டில் மூத்தவர் முதலில் குச்சியை எடுத்தார்; பிறகு எட்டுத் திசையிலிருந்தும் கைகள் நடுவை நோக்கி நீண்டன. வாயில் வைத்த குச்சியே மறுபடியும் பொதுத் தட்டுக்குப் போவதைக் கண்ட அந்தக் க்ஷணத்தில், எனக்குள் வாணியம்பாடியின் ஆசாரம் அத்தனையும் எழுந்து நின்றது என்பதை நான் மறைக்க மாட்டேன். எச்சில் என்பதை நம் வீடுகளில் எவ்வளவு நுணுக்கமாகக் காத்தார்கள்! தம்ளரை அண்ணாந்து குடிக்க வேண்டும். இலையில் கை வைத்தவர் குழம்புப் பாத்திரத்தைத் தொடலாகாது. தாயும் பிள்ளையுமே ஆனாலும் இலை வேறு, எல்லை வேறு. கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் சிநேகிதர்கள் வீட்டுக் கல்யாணத்தில் சஹன் என்னும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து உண்பதைக் கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்படுவது வேறு, நம் கை அதற்குள் போவது வேறு. நான் தயங்கியதை ஆன்ட்டி கவனித்துவிட்டார். தம் குச்சிகளைத் தலைகீழாகத் திருப்பி, வாயில் படாத நுனியால், மீனின் கன்னத்துச் சதையைப் பெயர்த்து என் கிண்ணத்துச் சோற்றின் மேல் வைத்து, "சாப்பிடு பேட்டா, இதுதான் விருந்தாளியின் பங்கு" என்று இந்தியில் சொன்னார். அவ்வளவு மிருதுவான மீனை நான் அதற்கு முன்பு ருசித்ததில்லை. அதற்கு மேல் எனக்கு யோசனை எழவில்லை.

சீனர்களுக்கே இந்த விஷயத்தில் யோசனை இருந்தது என்பதைப் பிற்காலத்தில் படித்தபோது ஆச்சரியப்பட்டேன். பினாங்கில் பிறந்து, மஞ்சூரியாவில் 1910-11இல் பரவிய பிளேக்கை அடக்கிப் பெயர் பெற்ற டாக்டர் வூ லியன் தே, ஒரே தட்டில் பல குச்சிகள் புகுவதால் நோய் தொற்றுமே என்று கவலைப்பட்டு, மேஜையின் நடுவில் சுழலும் தட்டு ஒன்றை வைத்து, பதார்த்தத்துக்கு ஒரு பொதுக் கரண்டி போடும்படி யோசனை சொன்னார். வைத்தியர் சொன்னது சரியான யோசனை. ஆயினும் தனித்தனித் தட்டுக்குப் போய்விடுங்கள் என்று அவர் சொல்லாமல், நடுத்தட்டை நடுவிலேயே வைத்துக் காப்பாற்றத்தானே வழி தேடினார்? அதனாலேயே அந்த டாக்டரிடம் எனக்கு ஒரு விசேஷ மரியாதை.

நான் கல்கத்தாவுக்குப் போன சமயம் சீன யுத்தம் முடிந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. ஆன்ட்டி வீட்டு மருமகள் ஷில்லாங்கைச் சேர்ந்தவர். 1962இல் யுத்தம் வந்தபோது, இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்திருந்தும் சீன வம்சத்தவர்கள் என்ற ஒரே காரணத்துக்காகச் சுமார் மூவாயிரம் பேரை ரயிலேற்றி ராஜஸ்தானத்தில் தேவ்லி என்னும் இடத்து முகாமில் அடைத்தார்களே, அவர்களில் அந்தப் பெண்ணின் தாய் தந்தையரும் இருந்தார்கள். அவர்கள் மேஜையில் அமர்ந்திருந்தாலும் அதைப் பற்றி யாரும் அதிகமாகப் பேச மாட்டார்கள். ஒரு தடவை மட்டும் அந்தத் தாயார், முகாமில் ஆரம்பத்தில் எல்லோரும் தட்டை ஏந்தி வரிசையில் நின்று சாப்பாடு வாங்கியதையும், பின்பு ரேஷனாகச் சாமான் கொடுத்தபோது கல்லைக் கூட்டி அடுப்பாக்கி, பக்கத்துக் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு ஒரே சட்டியில் சமைத்து நடுவில் வைத்து உண்ட முதல் நாளில் தாம் அழுததையும் சொன்னார். கல்கத்தாவில் இருந்தவர்களிலும் பலர் போலீஸ் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது; வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. இந்தத் தேசம் தன் பிள்ளைகளுக்குச் செய்த அநீதி இது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அப்படி இருந்தும் தோல் சரக்கு விற்க வந்த ஓர் அந்நியனுக்கு மீனின் கன்னத்தைக் கிள்ளி வைத்த அந்தக் கையை எண்ணும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

வீட்டுச் சாப்பாட்டின் ருசி கண்ட பிறகு நகரத்து ஓட்டல்களையும் தேடிப் போனோம். சம்பளம் வந்த வாரத்தில் மெஸ் நண்பர்கள் சேர்ந்து கிளம்புவோம். டிரெட்டா பஜாரில், டூங் ஆன் கோவிலின் கீழ்த்தளத்தில் இருந்த நான்கிங், அப்போதே பழம்பெருமை பேசும் நிலைக்கு வந்துவிட்டது. சித்தரஞ்சன் அவென்யூவில் சுங் வாவின் திரைச்சீலை போட்ட சிறு அறைகளில் குடும்பஸ்தர்களும், கல்யாணம் நிச்சயமான ஜோடிகளும், அலுவலகக் குமாஸ்தாக்களும் தனித்தனியே அமர்ந்து, திரைக்கு இந்தப் பக்கத்தில் கேட்கும்படி சிரிப்பார்கள். எனக்கு எல்லாவற்றிலும் பிரியமானது கணேஷ் சந்திர அவென்யூவில் ஒரு பெட்ரோல் பங்குக்கு மேலே இருந்த யூ சியூ. அங்கே முன்கூட்டியே சொல்லி வைத்தால் புகைபோக்கி சூப் என்று ஒன்று செய்து தருவார்கள். பித்தளைப் பாத்திரத்தின் மத்தியில் புகைபோக்கி. அதற்குள் கனலும் கரி. சுற்றிலும் அகழியில் கொதிக்கும் சூப்பில் மீன் உருண்டையும், இறாலும், கோழியும், கீரையும், கண்ணாடி இழை சேமியாவும். நெருப்போடு மேஜைக்கு வந்துவிடும் அந்தப் பாத்திரத்தைத் தனி ஒருவன் உண்ணவே முடியாது. ஆகையால் ஆள் சேர்த்துக்கொண்டுதான் போக வேண்டும். வருஷக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு மெஸ்வாசிகள், எட்டாவது ஆள் குறைகிறதே என்பதற்காக ஒன்றாய் வந்து உட்கார்ந்து, அகப்பையை ஒருவருக்கொருவர் நீட்டிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆர்டர் கொடுப்பதே அந்நாளில் ஒரு பெரிய சபை நடவடிக்கை. ஒருவருக்குப் புளிப்பு ஆகாது, ஒருவருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, ஒருவர் சனிக்கிழமை விரதம். எல்லோரையும் அநுசரித்து, ஒரு மீன், ஒரு கோழி, இரண்டு காய்கறி, ஒரு டோஃபு, நடுவே ஒரு மலைபோல் நூடுல்ஸ் என்று தீர்மானம் ஆவதற்குள் பரிசாரகர் இரண்டு முறை வந்து போய்விடுவார். எழுபதுகளில் கல்கத்தாவைப் பிடித்த மின்வெட்டு, பல நாட்களில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எங்களைச் சாப்பிட வைத்தது. இருட்டில் யார் என்ன எடுத்தார்கள் என்று தெரியாது. கடைசி இறால் மட்டும் எப்போதும் தட்டிலேயே மிஞ்சி இருக்கும், யாரும் எடுக்கத் துணியாமல்.

டாங்ராவும் மாறிற்று. தோல் தொழிற்சாலைக் குடும்பங்கள் சில, சரக்கு வாங்க வரும் எங்களைப் போன்றவர்களுக்குப் போட்ட சாப்பாட்டையே, முன்னறையில் நாலு மேஜை போட்டு வியாபாரமாக்கின. ஆட்டுத் தோல் காயும் முற்றத்தைத் தாண்டித்தான் சில்லி சிக்கனுக்குப் போக வேண்டும்; ஜனங்கள் மோட்டாரில் வந்து போனார்கள். 1996இல் சுப்ரீம் கோர்ட் தோல் தொழிற்சாலைகளை நகரத்தை விட்டுப் பான்தலாவுக்கு மாற்ற உத்தரவிட்ட பின்னர், சட்டியே அநேகருக்கு முழு ஜீவனமாயிற்று. இளையவர்கள் கூட்டம் கூட்டமாகக் கனடாவுக்குப் போனார்கள். டொராண்டோவில் ஹக்கா ஓட்டல் என்ற பெயரில் அவர்கள் நடத்தும் இடங்களில், நம் தேசத்திலிருந்து போனவர்கள் சில்லி சிக்கனுக்காகக் காத்து நிற்கிறார்கள். டாங்ராவின் சீனக் காளி கோவிலில் அம்மனுக்கு நூடுல்ஸ் படைத்துப் பிரசாதமாகக் கொடுப்பதும் நிற்கவில்லை.

அந்தச் சட்டி தெற்கேயும் வந்தது. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்னும் சமையற்காரர் பம்பாயில் 1975ஆம் வருஷ வாக்கில் இஞ்சி பூண்டு பச்சை மிளகாயோடு சோயாவைச் சேர்த்து ஆக்கியதாகச் சொல்லப்படும் மஞ்சூரியன், கோழியிலிருந்து காலிபிளவருக்குத் தாவி, இன்று வாணியம்பாடி பஸ் நிலையத்துத் தள்ளுவண்டி வரைக்கும் வந்துவிட்டது. அந்த வண்டிக்காரர்களிடம் எனக்கு மதிப்பு உண்டு. கொழுந்து விட்டெரியும் நெருப்பில் சட்டியைத் தட்டித் தட்டி ஆட்டும் அந்தக் கைலாகவம் ஆன்ட்டியின் சமையலறையிலிருந்து வழிவழியாக வந்ததுதான்.

போன வருஷம் என் மகன் தன் உத்தியோக உயர்வைக் கொண்டாட எங்களை ஒரு பெரிய நட்சத்திர ஓட்டலின் சீன போஜனசாலைக்கு அழைத்துப் போனான். அங்கே சாப்பாட்டுப் பட்டியலை நாம் பார்த்துத் தீர்மானிக்கும் வேலையே இல்லை. தலைமைச் சமையற்காரர் தீர்மானித்த எட்டு வகைகள், ஒன்றன் பின் ஒன்றாக, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வரும். உள்ளிருக்கும் இறாலின் சிவப்புத் தெரியும்படி மெல்லிசாகத் திரட்டிய கொழுக்கட்டை ஒன்று. பளிங்காய்த் தெளிந்த சூப் ஒரு கிண்ணம். பீகிங் வாத்தின் மொறுமொறுத்த தோலை வைத்துச் சுருட்டிய சிறு சுருள் ஒன்று. சமையலில் ஒரு குற்றமும் சொல்ல இயலாது. ஒவ்வொன்றிலும் நெடுநாள் பயிற்சியும் சிரத்தையும் தெரிந்தன. ஆனாலும் மேஜையின் மத்தியில் ஒரு பூச்சாடி மட்டுமே இருந்தது. என் மனைவிக்கு வாத்துப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று சொல்ல எனக்கு வழியில்லை. பேத்தி தன் பங்குக் காளானை ஒதுக்கினாள். அதை எடுத்துக்கொள்ளப் பேரன் கை நீட்டவில்லை. அவரவர் தட்டைப் பற்றி அவரவர் அபிப்பிராயம் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இதுதான் நாகரிகத்தின் புதுக்கோலம் என்றும் சொல்லிவிட முடியாது. பழைய சீனத்தில், தாங் வம்ச காலம் வரையில், ஒவ்வொருவருக்கும் முன்னால் தாழ்வான தனி மணை போட்டுத் தனித்தனியாகப் படைப்பதே கௌரவமான வழக்கமாக இருந்தது. உயரமான மேஜையும் நாற்காலியும் பரவப் பரவ, சோங் வம்ச காலத்தில்தான் ஒரே மேஜையைச் சூழ்ந்து ஒரே தட்டிலிருந்து உண்ணும் பழக்கம் வேரூன்றியது. ஆக, நம் பந்தியில் இலைக்கு இலை பரிமாறுகிற முறைமையும் அவர்களுடைய பழைய முறைமையும் கிட்டத்தட்ட ஒன்றே. இது தெரிந்தும் என் மனம் நடுத்தட்டின் பக்கமே சாய்கிறது. பந்தியில் பரிமாறுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் உபசாரம்தான் அதற்கு உயிர். வட்ட மேஜையில் ஒவ்வொருவரும் மற்றவருக்குப் பரிமாறுகிறவர். அந்த ஓட்டலில் இரண்டும் இல்லை என்பதே என் ஏக்கம்.

இந்த இரண்டு முறைகளும் நேருக்கு நேர் சந்தித்த ஒரு பகற்பொழுதைச் சொல்ல வேண்டும். காளிகட்டத்து அம்மனைத் தரிசித்துக் கங்கையில் ஸ்நானம் செய்ய வேண்டும் என்று என் தாயார் கல்கத்தாவுக்கு வந்திருந்தாள். நான் சொல்லாமலே செய்தி எட்டி, ஆன்ட்டி ஆள் அனுப்பிவிட்டார்: உன் தாயார் எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட வேண்டும். அம்மா மீன் சாப்பிடுவாள். ஆனால் பிறர் வாய் வைத்ததை, பெற்ற பிள்ளையுடையதே ஆனாலும், தொட மாட்டாள். நான் ஆன்ட்டியிடம் ஒரு வார்த்தையும் சொல்லி வைக்கவில்லை. எப்படிச் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மீன் மேஜைக்கு வந்ததும், எவரும் குச்சியை எடுப்பதற்கு முன்பாக, ஆன்ட்டி எழுந்து அம்மாவின் நாற்காலிக்கு அருகில் வந்து, கழுவித் துடைத்த புதுக் கரண்டியால் ஒவ்வொரு பதார்த்தத்திலும் முதல் பங்கை எடுத்து, ஒன்றோடு ஒன்று கலக்காமல், ஒரு பெரிய தட்டில் ஓரத்திலிருந்து வரிசையாக வைத்து அம்மாவின் முன்னே நகர்த்தினார். நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பரிமாறப் பழகியவர்கள்கூட அவ்வளவு நிதானமாக வைத்திருக்க மாட்டார்கள். அம்மா ஆன்ட்டியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஒருவருக்குத் தமிழும் ஒருவருக்கு ஹக்காவும் தவிரச் சரளமாக ஒரு பாஷையும் வராது. "பெரிய மனுஷி" என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டு அம்மா கையால் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள். தட்டு காலியானதும், நடுவிலிருந்த மீனை, அதற்குள் எத்தனையோ குச்சிகள் புகுந்து வந்திருந்த மீனை, கண்ணால் காட்டி, "அதில் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுடா" என்றாள்.

ஊர் திரும்பிய பிறகு, தான் சீனர் வீட்டில் உண்டதை அம்மா உறவினர் யாரிடமும் பிரஸ்தாபித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அடுத்த விடுமுறையில் நான் வாணியம்பாடிக்குப் போயிருந்தபோது, ஏரியில் பிடித்த விரால் மீனை இட்லிப் பானையில் வேகவைத்து, இஞ்சியை நூலாக அரிந்து பரப்பி, சோயாவுக்குப் பதில் உப்பும் கொஞ்சம் புளித்தண்ணீரும் தெளித்து, நல்லெண்ணெயைப் புகையக் காய்ச்சி அதன் தலையில் ஊற்றினாள். அப்பா எங்கே கற்றாய் என்று கேட்டார். "கல்கத்தாவில் ஒரு பெரிய மனுஷி வீட்டில்" என்று சொல்லிக்கொண்டே, முள் பார்த்து எடுத்து, எங்கள் இலைகளில் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே வைத்துக்கொண்டு போனாள்.